நெடி வந்தால் நோட்டை எடுங்கள்

இரசாயன ஆலையால் காற்று கெடுகிறது என்றதும் நம் கண் புகைபோக்கியைத்தான் தேடுகிறது. அக்கம்பக்கத்தார் மூச்சில் ஏறும் நச்சில் கணிசமான பங்கு புகைபோக்கி வழியாக வருவதே இல்லை. தேய்ந்த வால்வின் தண்டைச் சுற்றி, இரண்டு குழாய்கள் போல்ட் போட்டு இணையும் இடத்தில், பம்பு சீலில், கரைப்பான் தொட்டியின் மேல்துளையில், டேங்கர் லாரி சரக்கு இறக்கும் நேரத்தில், மூடாத கழிவுநீர்த் தொட்டியில் என்று அது சத்தமில்லாமல் கசிகிறது. இரவு பத்தரை மணிக்குக் கசிந்து பதினொன்றுக்கு அடங்கிவிடும். மறுநாள் பகலில் வரும் அதிகாரி புகைபோக்கியில் அளந்துவிட்டு, எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்று எழுதிப் போவார். அவர் பொய் எழுதவில்லை. கசிந்த நேரத்தில் ஆலைக்கு வெளியே இருந்தவர்கள் குடியிருப்புக்காரர்கள் மட்டும்தான். ஆகவே இந்த மாசைக் குறைக்கும் வேலை அவர்கள் எழுதிவைக்கும் குறிப்பிலிருந்துதான் தொடங்க முடியும்.

தமிழ்நாட்டில் இதற்குக் கடலூர் சாட்சி. அங்கே சிப்காட் தொழில் வளாகத்தை ஒட்டிய ஊர்களின் மக்கள், எந்த நேரத்தில் எந்த ஆலைப் பக்கமிருந்து என்ன நெடி வந்தது என்று பதிவு செய்யப் பழகினார்கள். 2004-இல் அடுத்த படிக்குப் போனார்கள். ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் இரசாயனத்தோடு வினைபுரியாத பை ஒன்றைப் பொருத்தி, வாளியிலுள்ள காற்றைச் சிறு பம்பால் உறிஞ்சினால், பை தானாக விரிந்து வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். கலிபோர்னியாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளை ஒட்டி வாழ்ந்தவர்களுக்காக 1990-களில் உருவான உத்தி இது. கடலூரில் இப்படிப் பிடித்த காற்றை ஆய்வகத்தில் சோதித்தபோது 22 நச்சு இரசாயனங்கள் தெரிந்தன. புற்றுநோய் உண்டாக்குபவையும் அவற்றில் இருந்தன. உச்ச நீதிமன்றம் அமைத்திருந்த அபாயகரக் கழிவுக் கண்காணிப்புக் குழு இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தது. அதனால் எல்லாம் தீர்ந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வெளியிட்ட மாசுக் குறியீட்டில் கடலூர் 77.45 புள்ளியோடு மிக மோசமான பகுதிகளின் பட்டியலில்தான் இருந்தது. ஆனாலும் வெறும் புலம்பல் என்று தள்ளப்பட்ட ஒன்றை, பெயர் சொல்லி அளக்கக்கூடிய இரசாயனமாக மாற்றிக் காட்டியது அந்த மக்களின் பதிவுதான்.

நம் மதுரை கடலூர் அல்ல. இங்கே அவ்வளவு பெரிய இரசாயன வளாகம் கிடையாது. ஆனால் ஆனையூருக்குக் கிழக்கே புதூர் சிட்கோ தொழிற்பேட்டை, நகரின் தென்மேற்கே கப்பலூர் தொழிற்பேட்டை என்று வீடுகளும் பட்டறைகளும் ஒட்டியே வளர்ந்திருக்கின்றன. ரப்பர், பெயின்ட், சாயம், பிளாஸ்டிக் உருக்குதல் எதுவானாலும் வழிமுறை ஒன்றே. முதலில் தெருவுக்கு ஒரு நோட்டு. தேதி, தொடங்கிய நேரம், அடங்கிய நேரம், நின்ற இடம், நெடி எதைப் போல இருந்தது, காற்று எங்கிருந்து வீசியது, கண் எரிச்சலோ இருமலோ யாருக்கு வந்தது என்பதை அப்போதே எழுத வேண்டும். “இரவு 10.40 முதல் 11.15 வரை, தண்ணீர்த் தொட்டி முக்கு, அழுகிய முட்டை நெடி, கீழ்க்காற்று, இரண்டு பிள்ளைகளுக்கு இருமல்” என்ற அளவு போதும். “ரொம்ப நாளாக ஒரே நாற்றம்” என்று எழுதினால் எந்த அலுவலகத்திலும் மதிப்பில்லை. காற்றின் திசையைக் கொடியில் காயும் துணியே சொல்லும். ஆனி ஆடியில் மேல்காற்று, ஐப்பசி கார்த்திகையில் வாடையும் கொண்டலும் என்று பருவமும் துணைக்கு வரும். மேல்காற்று அடிக்கும்போது மேற்கே இருக்கும் வீட்டில் நெடி வந்தால், கிழக்கே உள்ள ஆலையைச் சந்தேகிப்பது தவறு. நியாயமாக எழுதிய நோட்டு ஆலையையும் பொய்ப் புகாரிலிருந்து காக்கும். தனித்தனி வீடுகளில் இரண்டு மூன்று பேர் ஒருவரையொருவர் கேட்காமல் எழுதினால் அதன் வலு கூடும். ஒரு எச்சரிக்கை: நெடி தாங்க முடியாமல் இருந்தால் எழுத நிற்காதீர்கள். காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போய் 112-ஐ அழையுங்கள்.

நெடி அவரவர் மூக்கைப் பொறுத்தது, அது ஆதாரமாகுமா என்று கேட்பார்கள். பாதி சரியான கேள்வி. வினைல் குளோரைடு போன்ற ஆபத்தான வாயு மூக்குக்குச் சரியாகத் தெரியாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு மிகுந்தால் மோப்ப உணர்வையே மரக்கச் செய்துவிடும். அதனால் நெடி இல்லை என்பது பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை. ஆனால் நெடி வந்தது என்பது ஏதோ தப்பி வெளியே வந்திருக்கிறது என்பதற்கு அறிகுறி. எப்போது, எங்கே அளக்க வேண்டும் என்று அது சொல்லிவிடுகிறது. கைபேசியில் காற்றுத் தரக் குறியீடு பச்சையாக இருக்கிறதே என்று சமாதானம் ஆவதும் வேண்டாம். அதற்கு அடிப்படையாக 2009-இல் அறிவிக்கப்பட்ட தேசியக் காற்றுத் தர அளவுகோலில் இருப்பவை 12 மாசுகள்தான். அதில் பென்சீன் உண்டு, அம்மோனியா உண்டு. ஹைட்ரஜன் சல்ஃபைடோ குளோரினோ வினைல் குளோரைடோ இல்லை.

நோட்டு நிரம்பத் தொடங்கியதும் காகித வேலை. 1981-ஆம் ஆண்டு காற்றுச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை வேண்டும். 51-ஆம் பிரிவுப்படி அந்த இசைவாணை விவரங்கள் கொண்ட பதிவேட்டை வாரியம் பராமரித்து, பாதிக்கப்படுவோர் பார்க்கத் திறந்து வைக்க வேண்டும். பலருக்கும் தெரியாத உரிமை இது. வாரியத்தின் மதுரை மாவட்ட அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய்க் கட்டணத்தோடு மனுப் போட்டு, இசைவாணை நகல், கடைசிப் புகைபோக்கி ஆய்வறிக்கை, ஆய்வுக்கு வந்த அதிகாரியின் குறிப்பு ஆகியவற்றைக் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். எந்த இரசாயனத்தை எவ்வளவு கையாள அனுமதி, என்னென்ன நிபந்தனை என்று இசைவாணையில் இருக்கும். உங்கள் நோட்டை அதன் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

பிறகு ஆலையிடமே நேராகப் பேசலாம். “புகையை நிறுத்து” என்று பொதுவாகச் சொல்லாமல், செய்யக்கூடியதைப் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும்: வால்வுகளையும் இணைப்புகளையும் கசிவு காட்டும் கருவியால் குறித்த இடைவெளியில் சோதித்து, பழுதைச் சரிசெய்து, பதிவேட்டில் எழுதுவது, கரைப்பான் தொட்டியை மூடி, டேங்கர் இறக்கும்போது எழும் ஆவியைக் குழாய் வழியே டேங்கருக்கே திருப்புவது, அமில ஆவிக்குக் காரநீர் கொண்டு கழுவும் ஸ்க்ரப்பரை இரவிலும் ஓட்டுவது, கழிவுநீர்த் தொட்டிக்கு மூடி போடுவது. இதையெல்லாம் கேட்டால் பட்டறை மூடும், வேலை போகும் என்ற பயம் உண்மையானது. அலட்சியமாகத் தள்ளக் கூடாது. ஆனால் மேலே சொன்னவற்றில் பல, பராமரிப்பு வேலைகள். கசிந்து போகும் கரைப்பான் முதலாளி காசு கொடுத்து வாங்கியது. பிடித்துவைத்தால் அவருக்கே மிச்சம். அந்தக் கசிவை முதலில் சுவாசிப்பவரும் உள்ளே வேலை செய்யும் தொழிலாளிதான். பெரிய செலவு தேவைப்படும் சிறு பட்டறைகளுக்கு அவகாசம் கொடுக்கலாம். தொழிற்பேட்டைக்கே பொதுவான ஏற்பாடு கேட்கலாம். வேலிக்கு வெளியே அளப்பது நடக்காத காரியம் என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2015 விதிப்படி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் தங்கள் எல்லையைச் சுற்றிச் சிறு குழாய்களை மாட்டி, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பென்சீன் அளவைப் பார்க்கின்றன. அளவு மீறினால் காரணத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்தாக வேண்டும்.

ஆலை அசையாவிட்டால் வாரியத்துக்கு எழுத்துப் புகார், நோட்டின் நகலை இணையுங்கள், ஒப்புகை வாங்குங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரிடமும் ஒரு பிரதி கொடுங்கள். நீங்களாகப் பிடித்த காற்று மாதிரி, 26-ஆம் பிரிவுப்படி அதிகாரி எடுக்கும் மாதிரிக்கு ஈடாகாது. அதனால் புகாரில் கேட்க வேண்டியது, நோட்டு காட்டும் அந்த நேரத்தில், அந்த இடத்தில் அதிகாரியே வந்து மாதிரி எடுக்க வேண்டும் என்பதைத்தான். அதுவும் நடக்காவிட்டால் சென்னையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இருக்கிறது. பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் அங்கே மனுச் செய்ய வேண்டும் என்பது சட்டம். நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் தேதியிலிருந்தே அந்தக் கணக்கு ஓடலாம். ஆகவே மனுக்களுக்குப் பதில் வரும் என்று காத்திருந்து அந்த ஆறு மாதத்தைக் கைநழுவ விடாதீர்கள்.