ஒரு சுற்றுக்குள் எத்தனை தாமதம்?

போத்தல்களில் பானம் நிரப்பும் தொழிற்சாலை ஒன்றை மனக்கண்முன் கொண்டுவாருங்கள். ஓடும் பட்டியின்மேல் போத்தல்கள் வரிசையாக வருகின்றன. மூடியில்லாத போத்தலை உணரி கண்டால், தள்ளுகோல் அதனை ஒதுக்கவேண்டும். கண்டவுடனேயே தள்ளிவிடுகிறதா? இல்லை. இடையிலே கழியும் காலம் எங்கே செல்கிறது?

இவ்வேலையைச் செய்விப்பது நிரற்படுத்தக்கூடிய கட்டுப்படுத்தி என்னும் சிறு கணனி. முன்னர் றிலேக்களே இப்பணியைச் செய்தன; வேலை மாறினால் கம்பிகளையும் மாற்றிப் பூட்டவேண்டும். இத்தொல்லையை நீக்க 1968இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனம் புதிய கருவி ஒன்றைக் கோரியது. டிக் மோர்லி குழுவினரின் 'மொடிக்கோன் 084' 1969இல் அதற்கு விடையாயிற்று. அதன்பின் நிரலை மாற்றினாலே போதும்.

கட்டுப்படுத்தி மூன்று படிகளை ஓயாது சுற்றிச் செய்கிறது. முதலாவது, உள்ளீடுகள் யாவற்றையும் வாசித்து நினைவகத்தில் பதிகிறது. இரண்டாவது, அப்பதிவை மட்டும் பார்த்து நிரலை வரிவரியாக நிறைவேற்றுகிறது. மூன்றாவது, முடிவுகளை வெளியீடுகளுக்கு அனுப்புகிறது. இதனால் நிரலின் எல்லா வரிகளும் ஒரே நிலைமையையே காண்கின்றன, இது நன்மை. ஆனால் வாசித்த மறுகணம் வரும் செய்தி அடுத்த சுற்றுவரை காத்திருக்கும். தபாற்காரர் பெட்டியைத் திறந்து எடுத்துச் சென்றபின் போட்ட கடிதம் போல என்க.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஒரு சுற்று 20 மில்லிசெக்கன்; உள்ளீட்டு வடிகட்டி 10; வெளியீட்டு றிலே 10 எனக் கொள்வோம். செய்தி வாசிப்புக்குச் சற்று முன் வந்தால் மொத்தம் 40 மில்லிசெக்கன். சற்றுத் தவறினால் 60. பட்டி செக்கனுக்கு 1 மீற்றர் ஓடினால், போத்தல் அதற்குள் 40 அல்லது 60 மில்லிமீற்றர் நகர்ந்துவிடும். மாறாத 40ஐத் தள்ளுகோலைத் தள்ளிவைத்துச் சரிசெய்யலாம். மாறிமாறி வரும் 20ஐ அவ்வாறு சரிசெய்ய முடியாது. நல்ல போத்தலும் தள்ளப்படலாம். சுற்றைக் குறுக்கவேண்டும், பட்டியின் வேகத்தைக் குறைக்கவேண்டும், அல்லது சுற்றுக்குக் காத்திராத இடையீட்டு உள்ளீட்டைப் பயன்படுத்தவேண்டும். சுற்றிலும் குறுகிய துடிப்பு முற்றாகவே தவறிப்போகலாம் என்பதையும் மறவாதீர்கள்.

போத்தல் தவறினால் நட்டம் சில ரூபாய். மனிதனின் கை அகப்பட்டால்? ஆகவேதான் அவசர நிறுத்த ஆளியைச் சாதாரண நிரலின் பொறுப்பில் மட்டும் விடலாகாது. மின்னைத் துண்டிக்கும் தனிச் சுற்றோ, பாதுகாப்புக்கென்றே அமைந்த கட்டுப்படுத்தியோ அதற்கு வேண்டும். இயந்திரத்தருகே நிற்பவர் எவரும் இதனை அறிந்திருத்தல் நன்று.