இரு குமிழ்களில் ஒரு முகம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

ஆய்வகத்து நகரும் நுண்ணோக்கியைக் கையாளாத இயற்பியல் மாணவர் இரார். ஒரு திருகைத் திருப்பினால் குழல் பக்கவாட்டில் நகரும். மற்றொன்றைத் திருப்பினால் மேலும் கீழும் நகரும். இவ்விரு திருகுகளைக் கொண்டே ஒருவரின் முகத்தை வரையச் சொன்னால் எப்படியிருக்கும்? அதைத்தான் 'எட்ச் எ ஸ்கெட்ச்' என்னும் விளையாட்டுக் கருவி கேட்கிறது.

பிரெஞ்சு மின்பணியாளர் ஆந்த்ரே கசாஞ் கண்டுபிடித்த இதனை, அமெரிக்காவின் ஒஹாயோ ஆர்ட் நிறுவனம் 1960இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிவப்புச் சட்டமிட்ட கண்ணாடியின் உட்புறம் அலுமினியத் தூள் படிந்திருக்கும். உள்ளிருக்கும் சிறு முனை தூளைச் சுரண்டிச் செல்ல, சென்ற வழி கருங்கோடாகத் தெரியும். இடக்குமிழ் முனையைப் பக்கவாட்டிலும் வலக்குமிழ் மேல்கீழாகவும் நகர்த்தும். கவிழ்த்துக் குலுக்கினால் எல்லாம் அழியும். ஒரு கோட்டை மட்டும் அழிக்க வழியில்லை. முனையைத் தூக்கி வேறிடத்தில் வைக்கவும் வழியில்லை.

நேர்கோடு எளிது. முகத்திலோ நேர்கோடே கிடையாது. கன்னத்தை வட்டத்தின் ஒரு பகுதி எனக் கொண்டால், ஒரு குமிழ் சைன் விதிப்படியும் மற்றது கொசைன் விதிப்படியும் இயங்க வேண்டும். வட்டத்தின் உச்சியில் இடக்கை மிக விரைந்து திருப்பும். வலக்கை ஒரு கணம் நின்று திசை மாறும். தேர்வு வினாவாக மட்டுமே நான் அறிந்திருந்த துணையலகுச் சமன்பாடு அப்போதுதான் என் விரல்களுக்குப் புரிந்தது.

வளைவைவிடக் கடினம் கண். அது முகத்தின் நடுவே ஒரு தனித்தீவு. கையெடுக்காமல் அங்கே போவதெப்படி? 1736இல் ஆய்லர் ஆராய்ந்த கோனிக்ஸ்பர்க் பாலப் புதிருக்கு இது உறவு. அங்கே ஒரு பாலத்தை ஒருமுறைதான் கடக்கலாம். இங்கே வந்த கோட்டின் மேலேயே திரும்பிப் போகலாம். ஆகவே கோடுகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் போதும். மூக்கோரத்து நிழல் வழியே ஏறிக் கண்ணின் உள்மூலையை அடையலாம். மூக்குக்கண்ணாடி அணிந்தவர் முகம் இன்னும் எளிது. அதன் சட்டமே பாலம் போட்டுத் தருகிறது. (நம் பேராசிரியர்களை வரைய விரும்புவோர் கவனிக்க!)

கருமை வேண்டிய இடத்தில் கோடுகளை நெருக்கிப் போடுவர். கிளீவ்லாந்து ஓவியர் ஜார்ஜ் விலோசிச் விளையாட்டு வீரர்களின் முகங்களை இக்கருவியில் வரைந்து புகழ்பெற்றவர். முடிந்த படத்தைக் காக்க, கருவியின் பின்புறம் துளையிட்டுத் தூளை வெளியேற்றும் வழக்கமும் உண்டு. படியத் தூளில்லாதபோது குலுக்கினாலும் கேடில்லை.

இரவல் வாங்கிய பழைய கருவி ஒன்றில் என் பாட்டியை வரைந்தேன். நான்கு மாலைகள். தாடை, பாம்படம் தொங்கும் காது, நெற்றிச் சுருக்கம் எல்லாம் அமைந்தன. இரண்டாம் கண்ணருகே திசை மாற்றியபோது குமிழ் சுழன்றது, முனை நகரவில்லை. திருகுகளில் நாம் காணும் பின்னடைவுப் பிழைதான். பொறுக்காமல் மேலும் திருப்பினேன். கோடு கன்னத்தின் குறுக்கே ஓடிவிட்டது. குலுக்க மனமில்லை. அதையொட்டிக் கோடுகளை நெருக்கி அந்தக் கன்னத்தையே நிழலாக்கினேன்.

பாட்டி நெடுநேரம் பார்த்துவிட்டு, "பாம்படம் சரியாத்தான் இருக்கு" என்றார்.

துளையிடக் கருவி என்னுடையதன்று. மறுநாள் குலுக்கித்தான் திருப்பிக் கொடுத்தேன்.