முள்ளைப் பார்க்குமுன்

மருமகனே, நாளை முதல்முறையாக நீ தனியாகக் கம்ப்ரஷன் பார்க்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். மூன்று சிலிண்டர் மாஸி பெர்குசன் 1035 டிராக்டர். என் கை அதிகம் பழகிய வண்டி.

1. முதலில் வண்டிக்காரரிடம் பேசு. காலையில் எத்தனை முறை செல்ப் அடித்தால் பிடிக்கிறது, ஆயில் எவ்வளவு குடிக்கிறது, புகை எப்போது வருகிறது என்று கேள். வருஷக்கணக்காக அதன்மேல் உட்கார்ந்து உழுதவர் அவர். கேஜ் இன்றைக்கு வந்த விருந்தாளி.

2. எளியதை முதலில் பார். ஏர் கிளீனர் அடைத்திருந்தாலும், டேப்பட் இடைவெளி இல்லாமல் வால்வு சரியாக மூடாவிட்டாலும், பேட்டரி இறங்கிச் செல்ப் மெதுவாகச் சுற்றினாலும் கேஜின் முள் ஏறாது. இளவயதில், இறங்கிய பேட்டரியோடு பார்த்துவிட்டு, "ரிங் போயிடுச்சு" என்று ஒருவரிடம் சொல்லிவிட்டேன். விதைநெல்லுக்கு வைத்திருந்த பணத்தில் பிஸ்டன் செட் வாங்கி வந்தார். ஹெட்டைக் கழற்றி, லைனரின் மேல்விளிம்புக்குக் கீழே நகத்தை ஓட்டினேன். தேய்ந்திருந்தால் அங்கே ஒரு படி தட்டும். எனக்கு வழுவழுவென்று ஓடியது. இன்னொரு முறை ஓட்டினேன், அப்போதும் தட்டவில்லை. அதை அவரிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆனது. நீ தவறினால் அன்றைக்கே சொல்லிவிடு.

3. எஞ்சினைச் சூடாக்கிக்கொள். நாசிலைச் சுற்றியுள்ள மண்ணைத் துடைத்தபிறகே கழற்று. டீசல் வராதபடி நிறுத்தும் கம்பியை இழுத்து வை. திறந்த துளைக்கு நேரே முகத்தைக் கொண்டுபோகாதே. பெட்ரோல் வண்டிக் கேஜ் வேண்டாம். நல்ல டீசல் எஞ்சினில் அழுத்தம் 400 பவுண்டு வரை வரும்.

4. ஒவ்வொரு சிலிண்டரையும் ஒரே அளவு சுற்றவிட்டு, வந்த எண்ணை மட்கார்டிலேயே சாக்பீஸால் எழுது. மூன்றும் ஒத்துக் கொஞ்சம் குறைந்திருந்தால் அது வயது. ஒன்று மட்டும் விழுந்திருந்தால் நோய். பக்கத்துப் பக்கத்து இரண்டும் சேர்ந்து விழுந்திருந்தால் ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படு.

5. குறைந்த சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பார். முள் ஏறினால் ரிங்கும் லைனரும். ஏறாவிட்டால் வால்வு பக்கம். டீசலில் பிஸ்டனுக்கு மேலே இடம் கொஞ்சம்தான். ஆயில் கூடிப்போனால் முள் பொய்யாக ஏறும். இன்னும் கூடினால் கனெக்டிங் ராடே வளையும்.

6. முடிவைச் சொல்லும்போது நிதானம் வேண்டும். அறுப்பு முடியும்வரை வண்டி தாங்குமா என்பதுதான் அவர் மனதில் இருக்கும். தாங்கும் என்று உனக்குத் தெரிந்தால், பட்டறையில் வேலை இல்லாத நாளாக இருந்தாலும் தாங்கும் என்றே சொல். தினமும் ஆயில் அளவு பார்க்கச் சொல்லி, மட்கார்டில் எழுதிய எண்களைத் தாளில் எடுத்தெழுதி அவரிடமே கொடுத்துவிட்டு வா. அடுத்த வருஷம் பார்ப்பவனுக்கு உதவும்.

என் கேஜ் மரப்பெட்டியில் இருக்கிறது. அதன் செம்பு வாஷர் நசுங்கிப் போயிருக்கும்; புதிது போட்டு எடுத்துப் போ.