போலிப் பூச்சிமருந்தும் வியாபாரக் குறியும்

குடியானவர்கள் பூச்சிமருந்தை வாங்குவது பெரும்பாலும் அதன் பெயரையும் சீசாவின் மேல் ஒட்டிய படத்தையும் நம்பியேயாம். சென்ற போகத்தில் குணங்கண்ட மருந்தையே மறுமுறையும் கேட்டு வாங்குகின்றனர். ஒருவர் சரக்கை மற்றொருவர் சரக்கினின்றும் பிரித்துக் காட்டும் இத்தகைய பெயரும் சின்னமுமே வியாபாரக் குறி எனப்படும். போலி செய்வோர் ஓர் எழுத்தை மட்டும் மாற்றியும், அதே வர்ணத்தில் சீட்டு அச்சிட்டும், சில சமயம் அசல் சீசாவிலேயே வேறொன்றை நிரப்பியும் விற்கின்றனர். நெற்பயிரில் குருத்துப்பூச்சி கண்டபோது இதனைத் தெளித்தால் மருந்தின் கிரயம் மட்டுமன்று நஷ்டம். புழு தண்டினுள் புகுந்துவிட்டால் பின்பு அதனை அடக்குவது மிகவும் கடினம்.

இந்தியாவில் 1999-ஆம் வருஷத்து வியாபாரக் குறிச் சட்டம் 2003 செப்டம்பர் 15 முதல் அமலுக்கு வந்தது. அதன்படி பதிவு செய்த குறிக்கு 10 வருஷப் பாதுகாப்புண்டு, பின்னும் புதுப்பித்துக்கொள்ளலாம். பொய்க்குறி இடுவோருக்கு 6 மாதம் முதல் 3 வருஷம் வரை சிறையும், ரூ. 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கப்பட்டுள்ளன. விற்பவருக்கும் அதே தண்டனைதான். ஆனால் தக்க எச்சரிக்கையுடன் வாங்கியதாக ருசுப்படுத்தி, யாரிடம் வாங்கினாரென்பதையும் வெளியிடும் கடைக்காரர் தப்பலாம். டிப்டி சூப்பரின்டெண்டெண்டுக்குக் குறையாத போலீஸ் அதிகாரி வாரண்டின்றியே சரக்கைக் கைப்பற்றலாம். எனினும், குறியைப் பற்றிப் பதிவாளரின் அபிப்பிராயத்தை அவர் முன்னதாகப் பெறவேண்டும். பயிரோ அதுவரை காத்திராது.

1968-ஆம் வருஷத்துப் பூச்சிமருந்துச் சட்டத்தின் வழி வேறு. பெயர் யாருடையது என்பதைவிட, சீசாவினுள் இருப்பது யாது என்பதே அங்கே கேள்வி. இன்ஸ்பெக்டர் மாதிரியெடுத்து, மூன்று பங்காக்கி முத்திரையிட்டு, ஒன்றைக் கடைக்காரரிடமும், ஒன்றைப் பரிசோதகரிடமும், மற்றொன்றை நீதிமன்றத்திலும் சேர்ப்பார். சந்தேகமான சரக்கின் விற்பனையைச் சிறிது காலம் நிறுத்திவைக்கவும் அவருக்கு அதிகாரமுண்டு.

கடனுக்கு வாங்கி ரசீது கேளாதிருப்பதே குடியானவரை இவ்விரு வழிகளிலும் கைவிடச் செய்கிறது. ரசீதில் மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் இருத்தல் வேண்டும். சீட்டிலுள்ள எண்ணோடு அதனைக் கடையிலேயே ஒத்துப் பார்ப்பது உத்தமம். மருந்து பலிக்கவில்லையெனில், மிச்சத்தைச் சீட்டுக் கிழியாமல் சீசாவோடு பத்திரப்படுத்தி, விவசாய இலாகா அதிகாரிக்கு எழுத்து மூலம் தெரிவிக்கவேண்டும். ஒரே கடையின் மருந்தைப் பற்றிப் பலர் முறையிடுவார்களாயின், கிராம அதிகாரி அவர்களுடைய ரசீது எண்களைச் சேர்த்து அனுப்புவது விசாரணைக்குப் பெரிதும் உதவும். குறையொன்றுமில்லாத மருந்தின் காலிச் சீசாக்களை உடைத்து, வீடுகளுக்கும் நீர்நிலைகளுக்கும் அப்பால் புதைத்துவிட வேண்டும். பழஞ்சாமான் வியாபாரிக்கு அவற்றை விற்றால், போலி செய்வோருக்கு அச்சுக்கூலிகூட மிச்சமாகும்.