தளத்துக்குள் திருடன் புகுந்துவிட்டானா?

கடையின் வேர்ட்பிரஸ் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் வருகிறதா? எல்லாவற்றையும் அழித்துவிடக் கை துறுதுறுக்கும், அழிக்காதீர்கள். திருடன் வந்த வழி சர்வர் பதிவேடுகளில்தான் தெரியும். ஹோஸ்டிங் நிறுவனத்திடம் சொல்லித் தளத்தைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். கோப்புகள், தரவுத்தளம், பதிவேடுகள் மூன்றையும் அப்படியே நகலெடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

படங்கள் சேரும் அப்லோட்ஸ் ஃபோல்டரில் பிஎச்பி கோப்பு இருந்தால் சந்தேகப்படுங்கள். திருடன் மீண்டும் நுழைவதற்கான பின்வாசலை அங்கே ஒளித்துவைப்பது வழக்கம். தெரியாத பெயரில் அட்மின் யாராவது முளைத்திருக்கிறாரா என்றும் பாருங்கள். பழைய பேக்கப்பைப் போட்டால் போதும் என்பார்கள். ஓட்டை விழுந்த பிளகின் அதிலும் இருக்குமே! அந்தப் பிளகினைப் புதுப்பியுங்கள், தேவையில்லை என்றால் நீக்கிவிடுங்கள்.

ஹோஸ்டிங், எஃப்டிபி, தரவுத்தளம், அட்மின் என எல்லாக் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள், அதுவும் சுத்தமான வேறு கணினியிலிருந்து. கான்ஃபிக் கோப்பின் ரகசியச் சாவிகளையும் மாற்றினால், ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருப்பவரும் வெளியே தள்ளப்படுவார். பலர் மறப்பது இதைத்தான்.

இந்தியாவில் நிறுவனங்கள் ஊடுருவலை அறிந்த 6 மணி நேரத்துக்குள் கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 முதல் விதி. வாடிக்கையாளரின் பணம் பறிபோயிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-ஐ அழைக்கச் சொல்லுங்கள்.