பிள்ளைக்கு இட்ட பெயர்

வைகாசிப் பெருவிழாவின் மூன்றாம் நாள், கருட ஸேவைக்குக் கூடும் திரளில் கைதவறிப் போகும் குழந்தைகள் பலர். பெற்றோர் ஒலிபெருக்கி வைத்திருக்கும் இடத்திற்கு ஓடிவந்து பெயரைச் சொல்லுவர். வரதன், கேசவன், பெருந்தேவி என்று வரிசையாக ஒலிக்கும்போது அதுவும் ஒரு நாம ஸங்கீர்த்தனமாகவே செவிக்குப் படும். ஒரு முறை ஒரு தாய் தன் பெண்ணின் பெயரைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அறிவிப்பவர், "என்னம்மா, என்ன பெயர்?" என்று மறுபடி கேட்டார். "போதும்பொண்ணு" என்று அவள் தலைகுனிந்து சொன்னாள். தாம் இட்ட பெயரைச் சொல்லப் பெற்றோரே கூசுவதை அடியேன் முதன்முதலில் கண்டது அன்றுதான்.

பிள்ளைக்குப் பெயரிடும் விஷயத்தில் பெற்றோரை நேரே நிறுத்திக் கேள்வி கேட்டவர் பெரியாழ்வார். அவருடைய திருமொழியில் நான்காம் பத்தின் ஆறாம் திருமொழி முழுவதும் இதைப் பற்றியதே. காசுக்கும் கரை போட்ட ஆடைக்கும் ஆசைப்பட்டுப் பயனற்ற பெயரை இடுகிறவர்களை முதற்பாசுரத்திலேயே அறிவிலிகள் என்று விளிக்கிறார். அடுத்த பாசுரத்திலும் ஆடையே வருகிறது. மூன்றாவதில் உச்சிக்கு எண்ணெயும், நெற்றிச் சுட்டியும், கைக்கு வளையும். பிச்சை புகும் நிலை வந்தாலும் எம்பெருமான் திருநாமத்தையே விரும்புங்கள் என்கிறார். கேசவன், சிரீதரன், மாதவன், கோவிந்தன், தாமோதரன் என்று இடத்தக்க பெயர்களையும் அவரே எடுத்துக் கொடுக்கிறார்.

இங்கே ஊன்றிக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. திருநாமம் இட்டதன் பலன் பிள்ளைக்கு என்று ஆழ்வார் சொல்லவில்லை. அப்பிள்ளையின் தாய் நரகம் புகாள் என்றே பாட்டுக்குப் பாட்டு தலைக்கட்டுகிறார். பெயரைச் சுமப்பது பிள்ளை. ஆனால் நாளுக்கு நூறு முறை அதை நாவால் சொல்லுகிறவள் தாயல்லவா? ஸ்ரீமத் பாகவதத்தின் ஆறாம் ஸ்கந்தத்தில் வரும் அஜாமிளன், தன் பத்துப் பிள்ளைகளில் கடைக்குட்டிக்கு நாராயணன் என்று பெயரிட்டிருந்தான். அந்திமக் காலத்தில் யமகிங்கரர்களைக் கண்ட அச்சத்தில் அவன் கூப்பிட்டது பிள்ளையைத்தான். வந்து நின்றவர்கள் விஷ்ணு தூதர்கள். ஆகவே பெயர் என்பது அழைப்பதற்காக ஏற்பட்டது என்பதை முதலில் கொள்ள வேண்டும். பதிவேட்டில் எழுதுவதெல்லாம் அதன்பின் வருவது.

அழைக்கும் பெயர் என்பதை மறந்தால் நல்ல பெயரும் வீணாகும். பாட்டனார் பெயரை இடுவது நம் வழக்கம்; பெயரன் என்பதே பேரன் என்று ஆயிற்று. ஆனால் மாமனார் பெயரை வாயால் சொல்லலாகாது என்று மருமகள் தயங்குவாள். வரதராஜன் என்று ஏட்டில் இருக்கும் பிள்ளை வீட்டில் 'பப்பு' ஆகிவிடுவான். 'வரது' என்று சுருக்கினால் தேவப்பெருமாள் கோபித்துக்கொள்ள மாட்டார். 'பப்பு'வில் அவருக்கு இடம் ஏது? எண் கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டியும் குறைத்தும் இடப்படும் பெயர்களைப் பற்றி அடியேன் அதிகம் சொல்லப் போவதில்லை. ஆழ்வார் சொன்ன காசுக்கும் கூறைக்கும் இக்காலத்து உருவம் அதுவே என்பது அடியேனுடைய எண்ணம்.

இவையெல்லாம் சிறு குறைகள். பெண் பிறந்ததற்கு வருந்தி அவ்வருத்தத்தையே பெண்ணுக்குப் பெயராக இடுவதுதான் நெஞ்சைச் சுடுவது. திருத்தணிக்கு அருகே உள்ள ஒரு சிற்றூரில், அடுத்ததாவது ஆணாகப் பிறக்க வேண்டும் என்னும் நம்பிக்கையில் பெண்களுக்கு 'வேண்டாம்' என்றே பெயரிட்டு வந்தது 2019இல் நாளிதழ்களில் வெளியாயிற்று. அவ்வூரின் பெயரோ நாராயணபுரம்! ஊருக்கு இட்ட திருநாமம் பெற்ற பெண்ணுக்குக் கிடைக்கவில்லை. மராட்டியத்திலும் 'வேண்டாதவள்' என்று பொருள்படும் 'நகுசி' என்னும் பெயர் வழங்கியது. அங்கே ஸதாரா மாவட்டத்தில் 2011 அக்டோபரில் ஒரு விழா எடுத்து 285 பெண்களுக்குப் புதுப்பெயர் சூட்டினார்கள்.

நம் ஊரில் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் ஒருவர், மூன்றாம் பெண்ணுக்குப் 'போதும்' என்று பெயரிட்டவர், மார்கழியில் ஒரு நாள் அடியேனிடம் வந்தார். கோர்வைச் சேலை நெய்பவர் அவர். உடலுக்கு ஒரு நாடாவும் இரு கரைகளுக்கு இரு நாடாக்களுமாக மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். தறியில் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவைப் போட்டுக் கொடுக்க வேண்டும். பள்ளிப் படிப்பை முடித்தபின் அப்பெண்ணே தந்தைக்குத் துணையாக உட்காருகிறாள். "போதும்!" என்று அவர் கூப்பிட்டால் அவள் நாடாவை நிறுத்திவிடுவாளாம். நிறுத்தச் சொன்னால், தன்னை அழைப்பதாக நினைத்து நிமிர்ந்து பார்ப்பாளாம். முதலில் இருவரும் சிரித்திருக்கிறார்கள். பிறகு பெரியாழ்வார் திருமொழிக்குப் பொருள் சொல்லக் கேட்ட அன்று, கரை போட்ட ஆடை என்ற இடத்தில் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கரை போடுகிற கையால் இந்தப் பெயரை இட்டேனே, ஸ்வாமி. இனி மாற்ற வழியுண்டா?" என்றார்.

வழியுண்டு. 1969ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி பெயரின்றிப் பிறப்பைப் பதிந்து, ஓராண்டுக்குள் கட்டணமின்றியும், பதினைந்து ஆண்டுகள் வரை கட்டணம் செலுத்தியும் பெயரைச் சேர்க்கலாம். அவசரப்பட்டு இட வேண்டியதில்லை. பதிந்துவிட்ட பெயரை மாற்றுவோர் அரசிதழில் அறிவிப்புச் செய்துகொள்ளுகிறார்கள்.

நம் ஸம்பிரதாயத்தில் இதற்கு இன்னும் பழைய வழி உண்டு. பஞ்ச ஸம்ஸ்காரங்களாகிய தாபம், புண்ட்ரம், நாமம், மந்த்ரம், யாகம் என்னும் ஐந்தில் நாமமும் ஒன்று. பெற்றோர் எந்தப் பெயரை இட்டிருந்தாலும் ஆசாரியன் தாஸ்ய நாமம் தந்து ஏற்றுக்கொள்ளுகிறான். உடையவரோடு பதினெட்டு நாள் வாதிட்ட யக்ஞமூர்த்தி பேரருளாளன் கிருபையால் திருந்தியபோது, உடையவர் இட்ட பெயர் அருளாளப் பெருமாள் எம்பெருமானார். நம் ஊர்ப் பெருமாளின் திருநாமத்தோடு தம் திருநாமத்தையும் சேர்த்தே கொடுத்தார். அருகிலுள்ள கூரத்தில் அவதரித்த கூரத்தாழ்வானின் குமாரர்களுக்குப் பராசரர், வியாஸர் என்ற பெயர்கள் வந்ததும் உடையவர் திருவுள்ளத்தாலே. பெயரிடும் பொறுப்பைத் தந்தை ஒருவரே சுமக்க வேண்டும் என்பது நம் பெரியோர் கொள்கையன்று.

நெசவாளரிடம் இவ்வளவும் சொன்னேன். அரசிதழைப் பற்றிப் பெண்ணே முடிவு செய்யட்டும் என்றார், அது நியாயமே. வீட்டிலாவது பெருந்தேவி என்று அழைப்பதாகச் சொல்லிப் போனார். சில நாள் கழித்து அவர் வீட்டு வழியாகப் போனபோது தறியோசை கேட்டது. உள்ளிருந்து "பெருந்தேவி" என்று அழைத்தார். அவள் திரும்பவில்லையாம், தாயாரை வேண்டிக்கொள்ளுகிறார் என்று நினைத்தாளாம். "இன்னொரு முறை கூப்பிட்டால் திரும்புவாள், ஸ்வாமி" என்று சொல்லிவிட்டு, அவர் மறுபடியும் கூப்பிட்டார்.