பல் விளக்கி விட இரண்டு வருடப் படிப்பா?



கல்வி உதவிக்கான நேர்காணலுக்குச் செங்கம் பக்கத்திலிருந்து ஓர் அத்தா தம் மகளை அழைத்து வந்திருந்தார். பிளஸ் டூவில் உயிரியல் படித்த பெண். டென்டல் ஹைஜீனிஸ்ட், அதாவது பல் சுகாதாரப் பணியாளர் படிப்பில் சேர வேண்டும் என்பது அவள் விருப்பம். அத்தாவுக்கு மனம் ஒப்பவில்லை. "பல்லு விளக்கி விடறதுக்கு ரெண்டு வருஷப் படிப்பா பாய்?" என்று கேட்டார். அவர் கையில் ஒரு நோட்டீஸும் இருந்தது. ஆறே மாதத்தில் 'டென்டல்' சான்றிதழ், உடனே வேலை என்று ஏதோ ஒரு பயிற்சி நிலையம் அச்சிட்டது. "இதுல சீக்கிரம் முடிஞ்சிடுதே" என்றார்.

நியாயமான கேள்விதான். இதே கேள்வி நம்மில் பலருக்கும் வரும் என்பதால், அந்த இரண்டு வருடத்தில் என்ன கற்றுத் தருகிறார்கள் என்பதை இந்த மாதப் பாடமாக எழுதுகிறோம்.

யார் இந்த ஹைஜீனிஸ்ட்?

இவர் பல் டாக்டர் அல்லர். பல் செட் செய்யும் டென்டல் மெக்கானிக்கும் அல்லர். 1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர் சட்டம் இவருடைய வேலையைத் தெளிவாகவே சொல்லியிருக்கிறது: பல்லில் படிந்த காரையை எடுப்பது, பல்லைச் சுத்தம் செய்வது, மெருகேற்றுவது, வாய்ச் சுகாதாரத்தைக் கற்றுக்கொடுப்பது. இந்தக் கடைசி வேலையை நினைவில் வையுங்கள். படிப்பின் பாதி அதற்காகத்தான்.

இந்தத் தொழில் அமெரிக்காவில் பிறந்தது. பிரிட்ஜ்போர்ட் நகரில் ஆல்ஃபிரட் ஃபோன்ஸ் என்ற பல் மருத்துவர் இருந்தார். சொத்தையை அடைப்பதும் பிடுங்குவதுமாகவே காலம் போகிறதே, வராமல் தடுக்க ஆள் வேண்டாமா என்று யோசித்தார். 1906-ல் தம் உதவியாளர் ஐரீன் நியூமனுக்குப் பல் சுத்தம் செய்யும் பயிற்சி கொடுத்தார். 1913-ல் இதற்கென ஒரு பள்ளியே தொடங்கினார். அங்கே படித்த பெண்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளின் பல்லைச் சுத்தம் செய்து, பல் விளக்கும் முறையையும் கற்றுக்கொடுத்தார்கள்.

நம் நாட்டில் பல் மருத்துவக் கல்விக்கு அடித்தளம் போட்டவர் டாக்டர் ரஃபியுத்தீன் அகமது. கிழக்கு வங்காளத்தில் பிறந்து, அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படித்துத் திரும்பியவர். 1920-ல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். அவர் பிறந்த டிசம்பர் 24-ஐத்தான் இந்தியாவில் தேசியப் பல் மருத்துவர் தினமாகக் கொண்டாடுகிறோம்.

முதலில் உடம்பு, பிறகு பல்

வகுப்பு பல்லோடு தொடங்குவதில்லை. உடற்கூறு, உடலியங்கியல், நுண்ணுயிரியல், நோயியல், மருந்தியல், உணவும் ஊட்டமும் என்று அடிப்படைப் பாடங்கள் வரும். பல் விளக்க இதெல்லாம் எதற்கு என்று தோன்றும். காரணம் இருக்கிறது.

சர்க்கரை நோயாளிக்கு ஈறு நோய் எளிதில் வரும். ஈறு நோய் முற்றினால் சர்க்கரையும் கட்டுக்குள் நிற்காது. இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கும். வலிப்புக்குச் சாப்பிடும் ஃபெனிடாயின் மாத்திரையாலும், இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளாலும் ஈறு தடித்து வளர்வதுண்டு. இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவருக்குச் சுத்தம் செய்யும்போது இரத்தம் எளிதில் நிற்காமல் போகலாம். செயற்கை இதய வால்வு பொருத்தியவருக்கு, ஈறிலிருந்து கிருமி இரத்தத்தில் கலந்து வால்வைத் தாக்கும் ஆபத்து உண்டு. அவருக்கு முன்கூட்டியே மருந்து தர வேண்டுமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். எனவே கருவியைக் கையில் எடுக்கும் முன் நோயாளியிடம் என்னென்ன கேட்க வேண்டும் என்பதே ஒரு தனிப் பாடம்.

அடுத்து பல். பால் பற்கள் 20, நிலைத்த பற்கள் 32. ஒவ்வொன்றுக்கும் ஈரிலக்க எண் உண்டு. 36 என்றால் கீழ்த்தாடையில் இடப்பக்கம் உள்ள முதல் கடைவாய்ப் பல். ஆறு வயது வாக்கில், பால் பல் எதுவும் விழாமலேயே வரிசைக்குப் பின்னால் முளைக்கும். அதையும் பால் பல் என்று நினைத்து, 'விழுந்து முளைக்கப் போகிற பல்தானே' என்று தாய்மார்கள் விட்டுவிடுகிறார்கள். அது விழுந்தால் மறுபடி முளைக்காது. முதலில் சொத்தையாகும் நிலைத்த பல்லும் பெரும்பாலும் அதுதான்.

கை பழகும் பாடம்

பல்லின் மேல் தினமும் படிவது மெல்லிய கிருமிப் படலம். பிரஷ்ஷால் தேய்த்தால் போய்விடும். விட்டுவிட்டால், உமிழ்நீரிலுள்ள கால்சியம் சேர்ந்து சில நாட்களிலேயே காரையாக இறுகத் தொடங்கும். அதன்பிறகு எந்த பிரஷ்ஷுக்கும் அசையாது. கருவியால்தான் எடுக்க வேண்டும். அதற்குத்தான் ஸ்கேலிங் என்று பெயர்.

மாணவர்கள் நேரே மனிதர் வாயில் கை வைப்பதில்லை. பொம்மைத் தலையில் பொருத்திய செயற்கைப் பற்களில் மாதக்கணக்கில் பழகுகிறார்கள். கருவியைப் பேனா பிடிப்பது போலப் பிடித்து, நடுவிரலைக் கருவியின் தண்டில் வைத்து, மோதிர விரலைப் பக்கத்துப் பல்லில் ஊன்ற வேண்டும். அந்த ஊன்றல் இல்லாவிட்டால் கருவி வழுக்கி ஈறைக் கிழித்துவிடும். கருவியின் முனை எந்தக் கோணத்தில் பல்லைத் தொட வேண்டும், நாற்காலிக்கு எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்பதெல்லாம் கணக்கு. கழுத்தும் இடுப்பும் கெடாமல் பல ஆண்டுகள் வேலை செய்ய வேண்டுமே!

ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் பள்ளத்தை மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியால் அளப்பார்கள். 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை இருந்தால் நலம். அதைத் தாண்டினால் உள்ளே நோய் இருக்கலாம். இப்படிப் பல்லுக்குப் பல், பக்கத்துக்குப் பக்கம் அளந்து குறிக்க வேண்டும்.

கருவிகளைக் கழுவி, பொட்டலம் கட்டி, ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனில் 121 டிகிரி சூட்டில் கிருமி நீக்குவதும் பாடம்தான். ஒருவர் வாயில் வைத்த கருவி அப்படியே அடுத்தவர் வாய்க்குப் போனால் மஞ்சள் காமாலைக் கிருமியும் கூடவே போகும். குறுக்குவழிப் பயிற்சியில் முதலில் விட்டுப்போவது இந்த ஒழுங்குதான்.

பேசக் கற்பது

'சுத்தம் பண்ணினா பல்லு ஆடும்' என்ற பேச்சு நம் ஊரில் எல்லா வீட்டிலும் உண்டு. இதற்குப் பதில் சொல்லத் தெரியாதவர் ஹைஜீனிஸ்ட் ஆக முடியாது. உண்மை இதுதான்: காரை சேரச் சேர ஈறு வீங்கி, பல்லைத் தாங்கும் எலும்பு கரைகிறது. பல் அப்போதே பிடி இழந்துவிட்டது. கெட்டிக் காரை அதைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்துப் பிடித்திருப்பதால் ஆட்டம் தெரிவதில்லை. காரையை எடுத்ததும் தெரிகிறது. பழி ஸ்கேலிங் மேல் விழுகிறது. சில நாள் கூச்சம் இருக்கலாம், இடைவெளி தெரியலாம். ஆனால் காரை போனால்தான் ஈறு ஆறும்.

நம் வழக்கங்களையும் அறிந்து பேச வேண்டும். மிஸ்வாக் செய்வதை நபி (ஸல்) அவர்கள் மிகவும் வலியுறுத்தினார்கள் என்பது நாம் அறிந்ததே. உகா மரத்துக் குச்சியான அதை முறையாகப் பயன்படுத்தினால் நல்ல பலன் உண்டு. நுனியை மென்று நாராக்கி, ஈறோரமாக மெல்லத் தேய்க்க வேண்டும். நார் தேய்ந்ததும் வெட்டிப் புதுநுனி எடுக்க வேண்டும். முன்பற்களோடு நின்றுவிடாமல் கடைவாய்ப் பற்களின் உள்பக்கமும் தேய்க்க வேண்டும். பல்லிடுக்கில் குச்சி நுழையாது. ஆகவே இரவில் ஃபுளோரைடு பற்பசையும் பிரஷ்ஷும் இருந்தால் நல்லது. செங்கல் தூள், சாம்பல், கரித்தூள் வேண்டாம். அவை பல்லை அரித்துவிடும்.

நமக்கு மேற்கே தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பழுப்புக் கறை படிந்த பற்களைப் பார்த்திருப்பீர்கள். அது அழுக்கு அல்ல. பல் உருவாகும் சிறுவயதில் குடித்த நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருந்ததன் அடையாளம். அதற்காகவே ஒகேனக்கல் காவிரி நீரை அந்த மாவட்டங்களுக்குக் கொண்டுபோகும் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தக் கறையைச் சுரண்டி எடுக்க முயன்றால் பல்தான் பாழாகும். எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று பிரித்தறிவதும் படிப்பு.

எங்கே நிறுத்துவது?

ஹைஜீனிஸ்ட் சொத்தையை அடைக்கக் கூடாது, பல் பிடுங்கக் கூடாது, மருந்துச் சீட்டு எழுதக் கூடாது. ஆனால் வாயை முழுதும் பார்ப்பவர் அவர். வெற்றிலை பாக்கு, ஹான்ஸ், குட்கா போடுபவரின் கன்னத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தேய்த்தாலும் போகாத திட்டு, இரண்டு வாரமாகியும் ஆறாத புண், மூன்று விரலை அடுக்கி நுழைக்க முடியாதபடி குறுகிய வாய்: இவற்றைக் கண்டால் உடனே டாக்டரிடம் அனுப்ப வேண்டும். குட்காவுக்குத் தமிழக அரசு 2013-லேயே தடை விதித்தும் பழக்கம் ஒழியவில்லை. வாய்ப் புற்றுநோயை ஆரம்பத்தில் பிடித்தால் உயிர் பிழைக்கும். பல் சுத்தம் செய்ய வந்தவரின் உயிரே இப்படிக் காப்பாற்றப்படலாம்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

இனி அந்த ஆறு மாத நோட்டீஸுக்கு வருவோம். கிளினிக்கில் உதவியாளராக இருக்கப் பழகுவதில் தவறில்லை. ஆனால் அது ஹைஜீனிஸ்ட் தகுதி ஆகாது. பணம் கட்டும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

1. இந்தப் படிப்பை நடத்த டென்டல் கவுன்சில் அங்கீகாரம் உண்டா? கடிதத்தைக் காட்டுவார்களா?
2. முடித்தபின் தமிழ்நாடு டென்டல் கவுன்சிலில் ஹைஜீனிஸ்ட்டாகப் பதிவு செய்ய முடியுமா?
3. நோயாளிகள் வரும் பல் மருத்துவமனையில் நேரடிப் பயிற்சி உண்டா?

மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்றாலும் திரும்பி வந்துவிடுங்கள். 2023-ல் தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. கவுன்சிலின் இடத்தில் ஆணையம் வந்தாலும் கேட்க வேண்டியது இதேதான்: அங்கீகாரம், பதிவு, பயிற்சி.

சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள தமிழ்நாடு அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-ல் தொடங்கியது. அங்கே ஹைஜீனிஸ்ட், மெக்கானிக் ஆகிய இரண்டு ஈராண்டுப் படிப்புகளும் நடந்துவருகின்றன. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்திருக்க வேண்டும். இடங்கள் குறைவு. அந்தந்த ஆண்டுச் சேர்க்கை அறிவிப்பைப் பார்த்து, தேதி தவறாமல் விண்ணப்பியுங்கள்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட அந்த அத்தா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, தம் கீழ்வரிசை முன்பல் ஒரு வருடமாக ஆடுவதாகவும், சர்க்கரை இருப்பதாகவும், சுத்தம் செய்தால் விழுந்துவிடும் என்று பயந்து டாக்டரிடம் போகவே இல்லை என்றும் சொன்னார். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நோட்டீஸை மடித்து எங்கள் மேசையிலேயே விட்டுவிட்டு, "முதல்ல என் பல்லைக் காட்டிட்டு வர்றேன் பாய். இவ விண்ணப்பத்தை எழுதி வையுங்க" என்றார்.

எழுதி வைத்திருக்கிறோம். கல்வி உதவியாகத் தரப்படும் ஒவ்வொரு ரூபாயும் யாரோ ஒருவர் அல்லாஹ்வுக்காகக் கொடுத்த அமானிதம். அது செல்லாத சான்றிதழுக்குப் போய்விடாமல், ஒரு பிள்ளையின் கைத்தொழிலாகவும் ஒரு ஊரின் ஆரோக்கியமாகவும் மாற வேண்டும். இந்தப் படிப்பில் விருப்பமுள்ளவர்கள் மதிப்பெண் பட்டியலுடன் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், விண்ணப்பம் நிரப்புவதிலிருந்து உடன் இருப்போம்.